உப்புச்சப்பில்லாத சாப்பாட்டில் அப்படி என்ன ஆறுதல்?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மகன் ஷெஃபீல்டில் படிக்கிறான். அவன் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஊரில் குழம்பில் காரம் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் பிள்ளை, இப்போது தொலைபேசியில் ஷெப்பர்ட்ஸ் பை என்ற கொத்துக்கறி, உருளைக்கிழங்குப் பண்டத்தையும் ரைஸ் புட்டிங்கையும் பற்றி உருகிப் பேசுகிறான். உலகமே கேலி செய்யும் சாப்பாட்டில் அப்படி என்ன இருக்கிறது, உண்மையிலேயே அதில் ஏதோ ஆறுதல் உண்டா, இல்லை குளிரும் தனிமையும் சேர்ந்து செய்கிற வேலையா என்று கேட்கிறீர்கள். ருசியைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உங்கள் கேள்வி அதைத் தாண்டியது. காரம், புளிப்பு, தாளிப்பு என்று நமக்குப் பழகிய வாசல்கள் எல்லாம் அடைத்திருக்கும்போது, ஒரு சாப்பாடு எந்த வழியாக மனத்துக்குள் நுழைகிறது என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு 2004-ல் இங்கிலாந்து வந்தேன். மூன்று ஆண்டுகள் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் நறுக்கினேன். பிறகு மேற்கு யார்க்‌ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. பதினாறு ஆண்டுகள், நாற்பத்துச் சொச்சம் பேருக்கு, தினமும். ஹோட்டலில் நான் கற்ற பிரிட்டிஷ் சமையல் தட்டில் கோலம் போடுகிற வேலை. இல்லத்தில் கேட்டதோ அம்மா சமையல். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு அவருடைய அம்மா சமைத்ததைச் சமைத்துப் போடுவது போன்ற கடினமான பரீட்சையை நான் வேறு எங்கும் எழுதியதில்லை. ஆகவே நான் சொல்வதெல்லாம் வட இங்கிலாந்தின் ஒரு மூலையில் பார்த்தது. வேல்ஸின் கவுல் என்ற இறைச்சிச் சூப்பு, ஸ்காட்லாந்தின் ஸ்டோவிஸ் என்ற உருளைக்கிழங்குச் சமையல் ஆகியவற்றை விருந்தாளியாகச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அவற்றைச் சமைத்து யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. திட்டு வாங்காத சமையலைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்பது என் கொள்கை.

நான் வாங்கிய முதல் திட்டு ரைஸ் புட்டிங்குக்காக. சேர்ந்த முதல் வாரம். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும், பால் பாயசம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அரிசி, பால், சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய், மேலே ஜாதிக்காய்ப் பொடி. எல்லாவற்றையும் பெரிய தட்டில் ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். என் கை சும்மா இருக்கவில்லை. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து கிண்டிக்கொண்டே இருந்தேன். வெள்ளை வெளேரென்று, குழைவாக, என் கண்ணுக்கு அருமையாக வந்தது. தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஒரு பாட்டி கிண்ணத்தை வாங்கி, தொலைந்துபோன மோதிரத்தைத் தேடுவதுபோல் கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டை எங்கே காணோம், லவ்?" என்று கேட்டார். யார்க்‌ஷயரில் பஸ் ஓட்டுநர் முதல் எல்லோருக்கும் எல்லோரும் லவ்தான். ஆனால் அந்த லவ்வில் அன்பு இல்லை.

கிண்டாமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் பாலின் மேல் ஏடு படிந்து, அது ஓவன் சூட்டில் காய்ந்து, ஜாதிக்காயோடு சேர்ந்து பழுப்பு நிறத் தோலாக மாறுகிறது. கீழே குழைந்த அரிசி, மேலே லேசாகக் கசக்கும் அந்தத் தோல். தட்டின் விளிம்பில் அது இன்னும் தடித்து, கேரமல் போல ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அண்ணன் தம்பிகள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். எங்கள் இல்லத்தில் எண்பத்தைந்து வயதிலும் அடித்துக்கொண்டார்கள். மூலைத் துண்டு யாருக்கு என்று கிழமை வாரியாக முறை வைத்த பிறகுதான் அமைதி திரும்பியது.

அன்று எனக்குப் புரிந்ததுதான் உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி. நம் சமையல் அடுப்பருகே நின்று செய்வது; கிண்டுவது, வதக்குவது, கடைசியில் தாளித்துக் கொட்டுவது. சமைப்பவரின் கை ஓயாமல் உணவுக்குள் இருக்கும். பிரிட்டிஷ் வீட்டுச் சமையலின் சாமர்த்தியம் கையை எடுத்துவிடுவதில் இருக்கிறது. உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மணி நேரம் வேறு வேலை பார்ப்பது. அந்த இரண்டு மணி நேரமும் வீட்டுக்குள் வெப்பம் பரவுகிறது, வாசனை ஒவ்வோர் அறையாக ஏறுகிறது. 1960களில்கூட இங்கே பெரும்பாலான வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. படுக்கையறை ஜன்னலின் உட்புறத்தில் பனி படிந்திருந்த கதையை எங்கள் இல்லத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். வீட்டில் வெதுவெதுப்பான ஒரே இடம் ஓவன் எரிகிற சமையலறை. இன்றைய எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நினைவில் சாப்பாட்டின் வாசனையும் உடம்பு சூடேறுவதும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதில் வியப்பில்லை.

மசாலாவே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மசாலா இருக்குமிடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ ஒரு பெரிய துண்டு தகரத் தட்டில் வேகிறது. வெந்ததும் இறைச்சியை எடுத்துத் தனியே ஆற வைத்துவிட்டு, கொழுப்பை வடித்துவிட்டு, அந்தத் தட்டை அப்படியே அடுப்பின் மேல் வைக்க வேண்டும். அடியில் கரும்பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். புதிதாக வந்தவன் அதைக் கழுவப் போட்டுவிடுவான்; நானும் போட்டிருக்கிறேன். அதுதான் மசாலா. புரதமும் சர்க்கரையும் அதிகச் சூட்டில் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைத் தருகிற மயார் வினையின் விளைச்சல் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு கரண்டி மைதாவைத் தூவி, மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வறுத்து, காய்கறி வேக வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கிரேவி. கரண்டியின் முதுகில் மெல்லிய போர்வை போல நிற்க வேண்டும். இங்கே கிரேவி என்றால் இது ஒன்றுதான். தட்டில் உள்ள அத்தனைக்கும் இதுவே குழம்பு. கிரேவி சரியில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை என்று வட இங்கிலாந்துக்காரர்கள் நினைக்கிறார்கள். நானும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன்.

வடித்த கொழுப்பும் வீணாவதில்லை. அதைக் குழித்தட்டில் ஊற்றிப் புகை வரும் அளவுக்குச் சூடாக்கி, முட்டையும் மைதாவும் பாலும் சம அளவில் கரைத்த மாவை ஊற்றி, 220 டிகிரியில் வைத்தால் யார்க்‌ஷயர் புட்டிங். நீராவி மாவை உள்ளிருந்து தள்ள, ஓரம் மொறுமொறுவென்று எழும்பி, நடுவில் கிரேவி ஊற்றவென்றே ஒரு பள்ளம் விழும். நடுவில் கதவைத் திறந்தால் புஸ்ஸென்று அமுங்கிவிடும்; இங்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கலை. இந்தப் பெயரில் இதன் செய்முறையை ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747-லேயே அச்சில் தந்திருக்கிறார். 2008-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, நான்கு அங்குல உயரமாவது இல்லாவிட்டால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று அறிவித்தது. வேதியியலாளர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அது வேலைதான். யார்க்‌ஷயரின் பழைய வழக்கத்தில் இதை இறைச்சியோடு தருவதில்லை. முதலில் கிரேவியோடு இதை மட்டும் வயிறாரத் தின்ன வைத்துவிட்டு, பிறகு இறைச்சியைக் கொண்டுவருவார்கள். நிறைய புட்டிங் சாப்பிடுகிற பிள்ளைக்குத்தான் நிறைய இறைச்சி என்று அம்மாக்கள் ஆசை காட்டுவார்களாம். அதற்குள் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கும். வறுமையின் தந்திரம்தான்; ஆனால் அதை அனுபவித்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

ஞாயிறு முடிந்தாலும் இந்தச் சமையல் முடிவதில்லை. திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். வாஷிங் மெஷின் வருவதற்கு முன்னால் அது விடியலில் தொடங்கி மாலை வரை போகிற வேலை. சமைக்க நேரம் கிடையாது. ஆகவே மிஞ்சிய ரோஸ்ட்டைக் குளிர்ச்சியாகவே வெட்டிவைத்து, மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் ஒன்றாகப் பிசைந்து கொழுப்பில் வறுப்பார்கள். வாணலியில் அது போடும் சத்தத்தை வைத்து அதற்கு 'பபிள் அண்ட் ஸ்க்வீக்' என்று பெயர். கொப்பளிப்பும் கீச்சும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகும் மிஞ்சும் இறைச்சியை மேசை விளிம்பில் திருகிவைத்த கைச்சுற்று இயந்திரத்தில் போட்டு அரைத்துக் கொத்துக்கறியாக்கி, வெங்காயமும் கேரட்டும் கிரேவியும் சேர்த்து, மசித்த உருளைக்கிழங்கால் மூடி ஓவனில் வைத்தால் உங்கள் மகன் உருகுகிற ஷெப்பர்ட்ஸ் பை. ஆட்டிறைச்சி என்றால் ஷெப்பர்ட்ஸ், மாட்டிறைச்சி என்றால் காட்டேஜ் என்று இப்போது கறாராகச் சொல்கிறார்கள். காட்டேஜ் பை என்ற பெயர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருக்கிறது, ஷெப்பர்ட்ஸ் என்பது அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது, ஆரம்பத்தில் இரண்டு பெயர்களையும் எந்த இறைச்சிக்கும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். இதற்காக உங்கள் மகனை யாராவது திருத்தினால் சிரித்துவிட்டு விடச் சொல்லுங்கள்.

உருளைக்கிழங்கின் மேல் முட்கரண்டியால் உழவு சால் போலக் கோடு இழுப்பார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். மேடுகள் கருகி மொறுமொறுப்பாக, பள்ளங்களில் வெண்ணெய் தேங்கி நிற்பதற்காக. இந்தச் சமையல் முழுக்க இதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்: கீழே மென்மையாக, ஈரமாக, சூடாக ஒன்று, மேலே பழுப்பேறிய ஒரு மூடி. ஷெப்பர்ட்ஸ் பையில் உருளைக்கிழங்கு, லங்காஷயர் ஹாட்பாட் என்ற இறைச்சிச் சமையலில் வில்லை வில்லையாக அடுக்கிய உருளைக்கிழங்கு, ஆப்பிள் கிரம்பிளில் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் பிசறிய உதிரி, ரைஸ் புட்டிங்கில் ஏடு. மூடியை உடைத்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. கரண்டி ஒன்று போதும், கத்தி வேண்டாம், பெரிதாக மெல்லவும் வேண்டாம், வாய்க்குள் அதிர்ச்சி எதுவும் காத்திருக்காது. நமக்கு உடம்பு சரியில்லாதபோது குழைந்த ரசம் சாதமோ கஞ்சியோ செய்கிற வேலையை இங்கே வாரத்தின் எல்லா நாளும் செய்கிறார்கள். சாப்பிடுபவரிடமிருந்து எதையும் கேட்காத உணவு என்று நான் இதைச் சொல்வேன்.

இது வெறும் கவித்துவம் இல்லை என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு சான்று. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உணவின் மென்மையையும் பானத்தின் கெட்டியையும் எட்டுப் படிகளாகப் பிரிக்கும் ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் 2019-லிருந்து அதைத்தான் பின்பற்றுகின்றன. அதில் ஐந்தாம் படி, கொத்தி ஈரமாக்கிய உணவு. பெரியவர்களுக்குக் கட்டிகள் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முட்கரண்டியின் பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ அதே அளவுதான், ஆகவே சமையல்காரர் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வார். மற்ற உணவுகளை அந்தப் படிக்குக் கொண்டுவர நான் படாத பாடு படுவேன். கொண்டுவந்தபின் பார்க்கவும் சகிக்காது. ஷெப்பர்ட்ஸ் பையில் மேலே உள்ள மொறுமொறுப்பை மட்டும் தவிர்த்துவிட்டால் கொஞ்சம் கூடுதல் கிரேவியோடு அப்படியே பொருந்திவிடும். மற்றவர்களோடு ஒரே மேசையில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட முடிகிறது என்பது அந்த வயதில் சிறிய விஷயமில்லை.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சின்ன உறவு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொத்துக்கறியில் கடைசியாக ஒரு பாட்டிலிலிருந்து சில சொட்டு விடுவார்கள்: வூஸ்டர்ஷர் சாஸ். வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் 1837-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாட்டிலைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் பாருங்கள்; வினிகர், வெல்லப்பாகு, உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன், நடுவில் புளி. வங்காளத்திலிருந்து திரும்பிய ஒரு பிரபு செய்முறையைக் கொண்டுவந்தார் என்று அலங்காரமாக ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் புளி இருப்பது கதை இல்லை. உங்கள் பிள்ளையின் நாக்கு அந்தத் தட்டில் எதையோ அடையாளம் கண்டுகொண்டிருந்தால் அது இதுவாகவும் இருக்கலாம்.

அப்படியானால் இவ்வளவு கெட்ட பெயர் எப்படி வந்தது? உறுதியாகச் சொல்லக்கூடியது ரேஷன். 1940 ஜனவரி 8-ல் பேக்கன், வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றோடு தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 1954 ஜூலை 4-ல் இறைச்சியோடுதான் முடிந்தது. பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் பெரும்பாலும் இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம்; தேயிலைக்கும் அதே அளவுதான்; முட்டை ஒன்று, அதுவும் கிடைத்தால். போர்க்காலத்தில்கூடத் தடையின்றிக் கிடைத்த ரொட்டிக்கு, போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை பங்கீடு வந்தது. வெண்ணெயும் முட்டையும் கொழுப்பும்தான் உயிர்நாடி என்று இருக்கிற ஒரு சமையலிலிருந்து பதினான்கு ஆண்டுகள் அவற்றைப் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்? அந்தக் காலத்தில் சமைக்கக் கற்ற பெண்கள் பொடி முட்டையிலும் மார்ஜரினிலும் கற்றார்கள். உலகம் ருசி பார்த்துக் கேலி செய்தது பெரும்பாலும் அவர்களுடைய சமையலை.

ஆனால் பழி முழுவதையும் ரேஷன் மேல் போடுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 1861-ல் இசபெல்லா பீட்டன் எழுதிய புகழ்பெற்ற சமையல் கையேடு, பெரிய கேரட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட வேகவிடச் சொல்கிறது. காய்கறியைக் கொலை செய்கிற வழக்கம் ஹிட்லருக்கு முந்தியது. அதற்குச் சிலர் தொழிற்புரட்சியைக் காரணம் சொல்வார்கள்: 1851 கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிப் பேர் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள், தோட்டமும் பன்றியும் பாட்டியும் கிராமத்தில் தங்கிவிட்டன, கைமாறி வந்த சமையல் அறிவு அறுந்துபோனது என்று. நகரங்களுக்கு வந்தது கணக்கு. சமையல் அறிவு அறுந்தது ஊகம். நியாயமான ஊகம் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். அப்படிக் குழைய வேக வைத்த முட்டைக்கோஸை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இல்லத்தில் அரை வேக்காட்டில், பச்சை நிறம் மாறாமல் வைத்துப் பார்த்தேன். "இது இன்னும் வேகவில்லை, லவ்" என்று திரும்பி வந்தது. கடைசியில் அவர்கள் பக்கம்தான் வென்றது.

பாரம்பரியம் என்ற சொல்லிலும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். பாட்டி காலத்துப் பலகாரம் என்று எல்லோரும் சத்தியம் செய்கிற ஸ்டிக்கி டாஃபி புட்டிங், பேரீச்சம்பழம் போட்ட கேக்கின் மேல் சூடான டாஃபியை ஊற்றுவது, பரவலானது 1970களில்தான். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றுதான் அதைப் புகழடையச் செய்தது. கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று வேறு சில ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. கஸ்டர்டும் அப்படித்தான். முட்டையும் பாலும் கலந்து காய்ச்சும் கஸ்டர்ட் மிகப் பழையது. ஆனால் பெரும்பாலான பிரிட்டிஷ்காரர்களின் பால்ய நினைவில் இருக்கும் மஞ்சள் கஸ்டர்ட், பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837-ல் சோள மாவில் செய்த பொடி. நம் ஊர் மளிகைக் கடையில் விற்கும் கஸ்டர்ட் பவுடருக்கு அதுதான் மூதாதை. இல்லத்தில் ஒருமுறை ஆசையாக, உண்மையான வெனிலாவும் பன்னிரண்டு முட்டை மஞ்சள் கருவும் போட்டுக் கஸ்டர்ட் காய்ச்சினேன். மரியாதையாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, பொடி தீர்ந்துவிட்டதா, வாங்கக் காசு இல்லையா என்று கவலையோடு விசாரித்தார்.

பழமை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லத்தக்கது சூயட் புட்டிங் வகை. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பைத் துருவி மாவில் பிசைந்து, துணியில் கட்டி, மணிக்கணக்கில் வேக வைப்பது. வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் அந்தக் கொழுப்பு உருகும். அதற்குள் மாவு ஓரளவு இறுகிவிடுவதால், உருகிய இடங்களில் துளைகள் விழுந்து பஞ்சு போல ஆகிறது. ஜாம் தடவிச் சுருட்டினால் ஜாம் ரோலி போலி. பழைய சட்டைக் கையில் கட்டி வேக வைத்ததால் அதற்கு 'இறந்தவன் கை' என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைப் பயமுறுத்தாத தாத்தாவை நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி: ஆறுதல் உணவிலா, மனத்திலா? இதை ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு ஆறுதல் தரும் உணவைச் சாப்பிட்டவர்களுக்கு நெருங்கியவர்களின் நினைவு மேலெழுந்தது, அதை நினைத்து எழுதியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது என்று கண்டார்கள். ஏற்கெனவே நல்ல உறவுகளில் வளர்ந்தவர்களிடம்தான் அந்தத் தனிமை குறைந்தது. ஆனால் 2014-ல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் ஆட்களுக்கு மனத்தை வருத்தும் படக்காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுக்குப் பிடித்த ஆறுதல் உணவையும், சிலருக்கு வேறு உணவையும், சிலருக்கு ஒன்றுமே தராமலும் பார்த்தார்கள். எல்லோருடைய மனமும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியது. இரண்டுமே அமெரிக்க ஆய்வுகள். ஷெப்பர்ட்ஸ் பைக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, தட்டில் இருப்பது மருந்து இல்லை, அதைப் போட்டவரின் ஞாபகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற வண்டி.

இதற்கு என் அனுபவமும் ஒத்துவருகிறது; அனுபவம் ஆய்வாகாது என்பது தெரியும். மறதி நோய் முற்றி மாதக் கணக்கில் பேசாதிருந்த ஒருவர், வியாழக்கிழமை ஹாட்பாட்டோடு வைக்கும் ஊறப்போட்ட சிவப்பு முட்டைக்கோஸை ஒருநாள் நான் வைக்க மறந்தபோது, தட்டைப் பார்த்து "ரெட் கேபேஜ்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்காகப் பணிப்பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுவாரம் வைத்தபோது ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இதே காரணத்தால்தான் காலமும் மாறுகிறது. நான் சேர்ந்த புதிதில் இருந்தவர்கள் 1920களில் பிறந்தவர்கள். நான் வேலையை விட்ட சமயத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் 1940களில் பிறந்தவர்கள். அவர்கள் இளமையில் ஸ்பெகட்டி சாப்பிட்டவர்கள், வெள்ளிக்கிழமை இரவில் கறி சாப்பிட்டவர்கள். புதன்கிழமை கோழிக் குழம்பும் சோறும் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது என் அம்மாவின் கோழிக் குழம்பை இல்லை; 1970களின் பிரிட்டிஷ் சமையலறையில் கறிப் பொடியும் உலர் திராட்சையும் போட்டுச் செய்த மஞ்சள் குழம்பு. அதையும் கற்றுக்கொண்டேன். உலர் திராட்சை விஷயத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் போட்டேன்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் கவலைப்பட எதையும் காணவில்லை. அவனுக்கு அந்தச் சாப்பாட்டில் பால்ய நினைவு கிடையாது, ஆகவே அவனை இழுப்பது ஒருபக்கம் வெப்பமும் மென்மையும். இன்னொரு பக்கம், வாரத்தில் ஒருநாள் ஒருவர் அவனுக்காகவும் ஒரு தட்டு சேர்த்து எடுத்து வைக்கிறார் என்பது. அந்த அம்மாவுக்கு ஊரிலிருந்து நல்ல தேயிலையாகக் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

மகன் விடுமுறைக்கு வரும்போது வீட்டில் செய்து பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். ரைஸ் புட்டிங்கில் தொடங்குங்கள், மே மாதத்தில் வேண்டாம், டிசம்பரில். 100 கிராம் மாவுப் பச்சரிசி போதும். புழுங்கலரிசி குழைந்து பாலைக் கெட்டியாக்காது. ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பால், 50 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய். ஏலக்காய் போடக் கை போகும், போடாதீர்கள். ஜாதிக்காய் மட்டும் துருவுங்கள். வீட்டில் உள்ள சிறிய மின் ஓவனில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம். முதல் அரை மணியில் ஒருமுறை கிண்டலாம், ஒரு மணி ஆனதும் இன்னொரு முறை. அதற்கு மேல் கதவைத் திறக்கக் கூடாது. வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. தட்டுக்கு மூலை நான்குதான் என்பதால், அவை யார் யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.